இழுப்பு

தாண்டவராயன் பூச்சைத் தேய்க்கிற மணியாசுக் கட்டையைச் சாரத்தின் மூலையில் வைத்தான். விரலில் ஒட்டியிருந்த கலவையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, காதிடுக்கில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தான். பற்றவைத்த பிறகுதான் உட்கார்ந்தான். உட்கார்ந்துவிட்டுப் பற்றவைத்தால் மேஸ்திரி ரகுபதிக்குப் பிடிக்காது. பீடி எரிகிறவரைக்கும் உட்காரலாம், அணைந்தால் எழுந்துவிட வேண்டும். திருவான்மியூரில் எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் சட்டம் அதுதான். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கையில் பீடி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவனை மேஸ்திரி பார்க்கிற பார்வையில் குடித்த தண்ணீர்கூடத் தொண்டையில் நின்றுவிடும்.

பீடி இழுத்தால்தான் எரியும். சிகரெட்டைப் போலத் தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்காது. அதனால்தான் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கியதும் கொத்தனார்கள் பெட்டிக்கடையில் சில்லறையாகச் சிகரெட் வாங்கிக்கொள்வார்கள். மிதப்புக்கு அல்ல. சிகரெட் கையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் உட்காரலாம், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் பீடி. அணையப்போகிறது என்று தெரிந்தால் ஓர் இழுப்பு, பிறகு விரலிடுக்கில், மறுபடி ஓர் இழுப்பு. நெஞ்சு கேட்டு இழுத்தது பாதி என்றால் முதுகு கேட்டு இழுத்தது மீதி.

சித்தாள் பெண்களுக்கு இந்தச் சட்டம் எதற்கு? பெண்பிள்ளை பீடி பிடிப்பதில்லை. பிடிக்காதவள் உட்காருவானேன்? காலையில் கலவை நிரப்பிய இரும்புப் பாண்டைத் தலையில் ஏற்றினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் இறக்க முடியும். இடையில் அவர்களுக்கென்று இருந்த ஒரே திருட்டு, சும்மாட்டைச் சரிசெய்வது. படி திரும்புகிற இடத்தில் பாண்டைத் தரையில் இறக்கிவைத்து, தலையில் சுருட்டி வைத்த துணியை உதறி மறுபடி சுருட்டுகிற சாக்கில் இரண்டு மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

அந்தத் திருட்டில் பூங்காவனம் கெட்டிக்காரி. பாண்டை டங்கென்று இறக்குவாள். சும்மாட்டை உதறுவாள், சுருட்டுவாள், சரியில்லை என்று மறுபடி உதறுவாள். மேஸ்திரி கத்தினால், "தலை கோணலாகீது மேஸ்திரி, நான் இன்னா பண்றது?" என்பாள். ஆடி மாதத்தில் ஒருநாள் மூன்றாவது மாடியில் அப்படி இறக்கிவைத்தவள், குனிந்து மறுபடி தூக்கும்போது தடுமாறி, லிஃப்ட் வரப்போகிற குழிக்குள் போய்விட்டாள். குழிக்கு முன்னால் குறுக்குப் பலகை கிடையாது. அதற்குப் பிறகும் அடிக்கவில்லை. பூசாரியைக் கூட்டிவந்து சேவல் அறுத்து, ஒவ்வொரு மாடியிலும் குழிவாசலுக்கு மேலே ஆணி அடித்து எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பெரிய கட்டடம் ஓர் உயிரைக் கேட்கும், வாங்கிக்கொண்டது, இனி சாந்தமாகிவிடும் என்றார் பூசாரி.

சாந்தமாகவில்லை. தாண்டவராயனே கேட்டிருக்கிறான். மத்தியான வெயிலில் கடற்காற்று கதவில்லாத வாசல்கள் வழியாக நுழைந்து வெளியேறும்போது, ஆளே இல்லாத படித்திருப்பத்தில் டங்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருக்கும்.

பீடி அணைந்தது. அவன் எழுந்தபோது செண்பகம் படியேறி வந்தாள். அவனுடைய மனைவி, அவன் கொத்தனார், அவள் அவனுக்குச் சித்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மழை பொய்த்த வருஷம் இருவருமாக வந்தவர்கள். குழியைக் கடக்கிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. வெயில் வேர்வை இல்லை, பச்சைத் தண்ணீரைத் தெளித்த மாதிரி குளிர்ந்த வேர்வை.

"இன்னாமே நிக்கிற? கலவை காயுது."

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுய்யா. வாயில எச்சியா ஊறுது." அவள் குழியைப் பார்க்காமல் சுவரோடு சுவராக ஒட்டி நடந்து பாண்டை இறக்கினாள். இறக்கியதும் மூலைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"நேத்தும் வந்தா பூங்காவனம்," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "கனவுன்னே சொல்ல முடியாதுய்யா. அந்த மாதிரி தெளிவா. என் பக்கத்துல நின்னுகினு, எழுந்திருடி, நான் கொஞ்சம் குந்திக்கிறேன்னா. குந்தறதுக்கு எடம் கேக்கறாய்யா எங்கிட்ட."

 அவளுக்கு மட்டும் இல்லை. இன்னும் இரண்டு சித்தாள்களுக்கு இதே வாந்தி, இதே கிறுகிறுப்பு, இதே கனவு. மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு ஆள் பார்க்கப்போவதாக மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். அது போகட்டும். தலையில் பாண்டோடு குழியோரத்தில் இவள் ஒருநாள் கிறுகிறுத்தால்? அதை நினைக்கும்போதே தாண்டவராயனுக்குப் பூச்சு கோணியது.

"இடுப்பு எப்டிகீது?"

"அது பரவால்ல. பிளாஸ்திரி போட்டா கொஞ்சம் சுருக்குனு இழுக்குது."

"சாயங்காலம் புதுசா ஒண்ணு ஒட்டி வுடறேன்," என்றான் அவன். அவளுக்காக அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பிளாஸ்திரி வந்த கதை இது. சித்திரை கடைசியில் டோரதி என்கிற அம்மாள் குடையும் தோள்பையுமாக வேலைத்தளத்துக்கு வந்தாள். சாந்தோம்காரி, நாற்பது வயசிருக்கும். மந்தைவெளியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் வெங்கடரமணனிடம் வேலை. டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிராமத்து ஆட்கள் பீடி சிகரெட்டைக் குறைக்க எது உதவும் என்று பார்ப்பதற்கு வெளிநாட்டிலிருந்து உதவி வந்திருந்தது. கிராமம் கிராமமாக ஜீப்பில் அலைவானேன், கிராமம்தான் இங்கே வந்து கலவை குழைக்கிறதே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

"சில பேருக்கு மெல்லுற சூயிங்கம். சில பேருக்கு ஒட்டிக்கிற பிளாஸ்திரி. மீதிப் பேருக்கு வெறும் கிராம்பு, வாயில அடக்கிக்கணும்," என்று டோரதி மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினாள். "மூணுல எது நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் பார்க்கிறாரு. பிளாஸ்திரி ஒட்டினா இழுப்பு குறையும். வேற யாருக்கும் குடுக்காதீங்க."

பீடி இழுக்கிறது குறையும் என்ற அர்த்தத்தில்தான் அவள் சொன்னாள். ஆனால் தாண்டவராயனுக்கு விடியற்காலையில் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இழுப்பு வரும். இவனைப் போல இன்னும் நாலைந்து பேர் உண்டு. மூச்சிழுப்புக்கு மருந்து வந்திருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். மேலே எழுதியிருந்தது இங்கிலீஷ். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பிளாஸ்திரி என்றால் தெரியாதா? வலிக்கிற இடத்தில் ஒட்டினால் பிடிப்பை இழுத்துவிடும். வேறு யாருக்கும் கொடுக்காதே என்பதை ரேஷன் சாமானை வெளியில் கொடுக்காதே என்கிற மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் தாண்டவராயன் ஒழுங்காகத்தான் ஒட்டிக்கொண்டான். அதிசயமாகக் காலை முழுக்கப் பீடி நினைப்பே வரவில்லை. இடுப்பு மட்டும் ஒடிந்தது. சாரத்தில் உட்கார்ந்தான்.

"இன்னா தாண்டவம், சும்மா குந்திகினு கீற?"

"பிளாஸ்திரி ஒட்டிகினு கீறேன் மேஸ்திரி. பீடிக்குப் பதிலு."

"தோளுல ஒட்டினதுக்கு எதுக்குய்யா குந்தணும்? அது பாட்டுக்கு அங்க ஒட்டிகினு கெடக்குது. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

சூயிங்கம்காரர்களுக்கும் இதே பதில்தான். "வாயாலதான மெல்லுற? கை சும்மாதான கீது?" என்று மேஸ்திரி கேட்டபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறுநாளே சூயிங்கம் சட்டைப்பையில் போனது, கிராம்பு குழம்பில் போனது, பீடி காதுக்குத் திரும்பி வந்தது. வாரத்துக்கு ஒருமுறை டோரதி வந்து பீடி குறைந்ததா என்று கேட்பாள். குறைந்தது என்று சொல்வார்கள். பாவம், அந்த வெயிலில் குடை பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிளாஸ்திரியை மட்டும் வீணாக்க மனசு வரவில்லை. பூங்காவனத்தின் புருஷன் அய்யாக்கண்ணுதான் முதலில் அவளுக்குக் கொடுத்தான். "எறும்பு ஊர்ற மாதிரி இழுக்குதுடி, வலி வெளியே வருது," என்று அவள் மற்றப் பெண்களிடம் சொன்னாள். பிறகு எந்தச் சித்தாளின் இடுப்பு சும்மா இருக்கும்? தாண்டவராயனும் கொண்டுபோய்ச் செண்பகத்திடம் கொடுத்தான். பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் அவளுக்கென்று கொண்டுவந்த முதல் மருந்து அது. ஒட்டிவிட்டபோது அவள் வெட்கப்பட்டுச் சிரித்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவள் வாந்தி எடுத்த அன்று சாயங்காலம், சொன்னபடியே, அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் புதுப் பிளாஸ்திரி ஒட்டினான். வலி அதிகம் என்றதால் பக்கத்தில் இன்னொன்றும் ஒட்டினான்.

மறுநாள் காலையில் அவள் கண்கள் குழிவிழுந்திருந்தன. வரவேண்டாம் என்றான். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று வந்தாள். சுவரோரமாகவே நடந்து நான்கைந்து நடை கொண்டுவந்துவிட்டாள். வெயில் ஏறியதும் அவன் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்தான். அப்போது படித்திருப்பத்தில் டங்கென்று கேட்டது. திரும்பிப் பார்த்தான்.

செண்பகம் பாண்டை இறக்கவில்லை. பாண்டு அவள் தலையில்தான் இருந்தது. அவள் சுவரை விட்டு விலகி, குழியைப் பார்த்து மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். உறக்கத்தில் நடக்கிறவளின் நடை.

"செண்பகம்!"

அவளுக்குக் கேட்கவில்லை. அவன் சாரத்திலிருந்து குதித்தான். பீடி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் சேலைத் தலைப்பையும் ஒரு கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தபோது பாண்டு தலையிலிருந்து சரிந்து குழிக்குள் போனது. சுவரில் மோதி மோதி இறங்கிற்று. அடியில் விழுந்த சத்தம் எல்லா மாடிகளிலும் கேட்டது.

"வுடுய்யா," என்றாள் அவள். "கை நீட்றா. குந்தணுமாம்."

அவளைத் தரையில் படுக்கவைத்தான். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். கைக்குள் அடைபட்ட கோழிக்குஞ்சாக அது துடித்தது. உதடு வெளுத்திருந்தது, கைகள் உதறின. செங்கல் சுமந்தவர்கள், கம்பி கட்டியவர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். மேஸ்திரி மூச்சிரைக்க ஏறிவந்து, "நான்தான் சொன்னேனே, புடிச்சிகிச்சி, இவளை மொதல்ல ஊருக்கு இட்டுகினு போ," என்று கத்தினார்.

டோரதி வருகிற நாள் அது. கூட்டத்தைப் பார்த்துப் படியேறி வந்தவள், குடையைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். நாடி பார்த்தாள். காற்று வரட்டும் என்று எல்லாரையும் விலக்கினாள். ரவிக்கையைத் தளர்த்தி ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தவளின் கை இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. சதுரமாக, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பிளாஸ்திரி.

"யாரு ஒட்டினது இது?"

"நான்தாம்மா. இடுப்பு வலிக்கு."

 டோரதி இரண்டையும் உரித்தெடுத்தாள். அடியில் தோல் சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கி அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். 

"தாண்டவம், இது வலிக்குப் போடறதில்லப்பா. பீடியில என்ன இருக்கோ அதேதான் இதுலயும் இருக்குது. பிடிச்சுப் பழகின உடம்புக்குப் பீடி கேக்காம இருக்கறதுக்காக. பிடிக்காத உடம்புல ஒட்டினா..." அவள் துணியை மறுபடி நனைத்தாள். "ஒரு நாள் முழுக்க உக்காந்து பீடி இழுத்த மாதிரி. ரெண்டு ஒட்டினா இன்னும் மோசம். வாந்தி வரும், தலை சுத்தும், நெஞ்சு அடிக்கும். கெட்ட கெட்ட கனவா வரும்."

அவனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு மெதுவாக, பின்பக்கமாக, ஒவ்வொன்றாக வந்தது. வாந்தி. கனவு. மற்ற இரண்டு சித்தாள்கள். அவர்களுக்கும் முன்னால், ஆடி மாதம். குழிக்குள் இறங்கிப் பூங்காவனத்தைத் தூக்கியவர்களில் இவனும் ஒருவன். கால்பக்கம் பிடித்திருந்தான். சேலை விலகியிருந்த இடுப்பில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. செத்த பிறகும் அது ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவன் நினைத்தது, பாவம் இடுப்பு வலியோடே போய்விட்டாளே என்றுதான்.

"அப்போ பூங்காவனம்?" என்றான்.

டோரதி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அய்யாக்கண்ணு ஊருக்குப் போய்விட்டான் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள், அந்தப் பெயரை அவள் அதுவரை கேட்டதில்லை. கூட்டத்திலிருந்த பெண்களில் ஒருத்தி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள். இன்னொருத்தியும் போனாள். மற்றவர்கள் சொன்ன பூங்காவனத்தின் கதையைக் கேட்டுக்கொண்டே டோரதி சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கதை முடிந்ததும் முதலில் வாய் திறந்தவர் மேஸ்திரிதான். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "இப்ப தெரிஞ்சுதா எல்லாருக்கும்? குழி குழின்னு பேசினீங்களே. குழி இன்னா பண்ணும்? அது பாட்டுக்கு இருந்துச்சு. எல்லாம் பிளாஸ்திரி பண்ண வேலை." அதைக் கீழே போய் எஞ்சினியரிடமும் சொன்னார். இடுப்பில் பேஜர் செருகியிருந்த அந்தப் பிள்ளையாண்டான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, செண்பகத்துக்கு நடக்கத் தெம்பு வந்ததும், டோரதி இருவரையும் பஸ்ஸில் மந்தைவெளிக்குக் கூட்டிப்போனாள். கிளினிக்கில் காத்திருக்கிறவர்களுக்கு நாற்காலி உண்டு. செண்பகம் உட்காராமல் நின்றாள். டோரதி தோளைப் பிடித்து உட்காரவைத்ததும், யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று பார்ப்பதுபோல நுனியில் உட்கார்ந்தாள். தாண்டவராயன் காதிலிருந்த பீடியை எடுத்துச் சட்டைப்பையில் மறைத்தான்.

டாக்டர் வெங்கடரமணன் நல்ல மனுஷர். கடுஞ்சொல் சொல்லத் தெரியாதவர். செண்பகத்தின் நெஞ்சை, நாடியை, ரத்த அழுத்தத்தைத் தானே பார்த்தார். "பயப்படாதேம்மா. மருந்து இறங்கிடுத்து. நன்னா தண்ணி குடி, மோர் குடி. சரியாப் போயிடும்," என்றார். பிறகு தாண்டவராயனின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "உனக்குத்தான்ப்பா உள்ளே சரியில்லே. இப்படியே பிடிச்சுண்டிருந்தே, இன்னும் அஞ்சாறு வருஷத்துல மாடியேற முடியாது. அதுக்குத்தானே இத்தனையும் கொடுத்தோம்?"

"ஆமாங்க சாமி."

"ஒட்டிக்கவே இல்லையா நீ? பாதியாக் குறைஞ்சுடுத்துன்னு வாராவாரம் சொல்லியிருக்கே. பிளாஸ்திரிதான் மூணுலேயும் உசத்தின்னு நான் மெட்ராஸ் பூரா சொல்லிண்டிருக்கேன்."

"அம்மா வெயில்ல வந்து கேக்கறாங்க. இல்லன்னு சொன்னா மனசு சங்கடப்படும்ல, சாமி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா ஒட்டிக்கலே?"

தாண்டவராயன் சொன்னான். பீடி எரிகிறவரைக்கும்தான் உட்காரலாம் என்பதை, பிளாஸ்திரிக்கும் சூயிங்கத்துக்கும் மேஸ்திரி சொன்ன பதிலை, சிகரெட் ஏன் வாங்குகிறார்கள் என்பதை எல்லாம் சொன்னான். டாக்டர் கவனமாகக் கேட்டார். இப்படி ஒன்று இருப்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். ஆனால் அதைத் தன் வேலையில் எந்த இடத்தில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சாமி, பூங்காவனம்னு ஒரு பொம்பள," என்றான் தாண்டவராயன். அதைக் கேட்கத்தான் அவன் வந்தான். "ஆடியில குழியில வுழுந்து செத்துட்டா. அவ இடுப்புலயும் இது இருந்திச்சி. அவ புருஷன் அய்யாக்கண்ணு இந்நேரம் ஊர்ல, அவ காலைச் சரியா வெக்கலன்னு சொல்லிகினு கீறான். மேஸ்திரி அப்டித்தான் சொல்லி அனுப்பினாரு."

டாக்டர் டோரதியைப் பார்த்தார். டோரதி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடறேன்னு நான் அப்பவே கேட்டேன் டாக்டர்," என்றாள் மெல்லிய குரலில்.

"புகையிலைச் சத்துன்னு சொன்னா பயந்துடுவா, இல்லேன்னா சுகமா இருக்குன்னு நாலா ஒட்டிண்டுடுவான்னு நெனச்சேன், டோரதி." அவர் குரல் இறங்கியிருந்தது.  பிறகு தாண்டவராயனிடம் திரும்பினார். "கஷ்டமா இருக்குப்பா கேக்கறதுக்கே. ஆனா அந்தம்மா நம்ம ஆராய்ச்சியிலேயே இல்லையே. அவ புருஷன்தான் இருந்தான். இல்லாதவாளுக்கு என்ன ஆச்சுன்னு நான் எங்கே சொல்ல முடியும்? அதோட, குழிக்குக் குறுக்கே ஒரு கட்டை அடிக்காதது அந்தக் கட்டடக்காரா தப்புன்னா?"

"அவங்க பிளாஸ்திரி தப்புன்றாங்க."

 வெளியே அடுத்த நோயாளி இருமினார். "அந்த சைட்டை விட்டுடலாம் டோரதி. மீதி இருக்கறதையெல்லாம் திருப்பி வாங்கிண்டு வந்துடு," என்றார் டாக்டர்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் டோரதி கூட வந்தாள். செண்பகத்தின் தோளில் கை வைத்தாள். "என்னை மன்னிச்சிரும்மா," என்றாள் கடைசியில். செண்பகத்திடம் அந்த மாதிரி யாரும் அதுவரை கேட்டதில்லை. "வெயில்ல நிக்காதீங்கம்மா," என்றாள் அவள்.

பஸ்ஸில் தாண்டவராயன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான். செண்பகம் பார்த்தும் பார்க்காதவள்போல இருந்தாள். கொண்டவளுக்குத் தன் கையாலேயே விஷத்தை ஒட்டியிருக்கிறான். ஒட்டும்போது எவ்வளவு பதமாக நீவி நீவி ஒட்டினான்! அது நினைவுக்கு வரவர அவன் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே வந்தான்.

பிளாஸ்திரியெல்லாம் திரும்பப் போயிற்று. வாந்தி நின்றது, கிறுகிறுப்பு நின்றது. யாருடைய கனவிலும் பூங்காவனம் வரவில்லை. குழி அப்படியே திறந்திருந்தது. கட்டியிருந்த எலுமிச்சம்பழம் சுருங்கிக் கறுத்துவிட்டது. படித்திருப்பத்தில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. தாண்டவராயனுக்குக் கேட்டது. ஒரு நாள், கலவை கொட்டிக்கொண்டிருந்த செண்பகம் சட்டென்று நிமிர்ந்து படிப்பக்கம் திரும்பியபோது, அவளுக்கும் கேட்கிறது என்று தெரிந்துகொண்டான். இப்போது அவள் உடம்பில் பிளாஸ்திரி இல்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பேசாவிட்டாலும் இடுப்பு இருக்கிறதே. கான்கிரீட் போட்ட வாரம் அவளால் நிமிரவே முடியவில்லை. ஒரு காலை, வெயில் ஏறுகிற நேரத்தில், பாண்டைக் கொட்டிவிட்டு அவன் முன்னால் கை நீட்டினாள்.

"பீடி குடுய்யா. ரெண்டா குடு."

"யாருக்கு?"

"குடேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். படித்திருப்பத்துக்குப் போய், குழிக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடி பற்றவைத்தாள். இருமல் பிடுங்கியெடுத்தது. இருமிக்கொண்டே இரண்டாவதையும் பற்றவைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். இரண்டாவது பீடியைக் குழியோரத்தில், நெருப்பு அந்தப் பக்கம் பார்க்க, பக்குவமாக வைத்தாள். ஊரில் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது பீடி பிடிக்கிற ஆளுக்குப் பீடி வைப்பார்கள். பூங்காவனம் பீடி பிடித்தவள் இல்லை.

"வாணாம்மே," என்றான் தாண்டவராயன். "நெஞ்சு கெட்டுப்பூடும். டாக்டர் சொன்னது ஞாபகம் இல்ல?"

"உனுக்குச் சொன்னாரு. எனுக்கு இன்னா சொன்னாரு? மோர் குடின்னாரு."

மற்றச் சித்தாள்கள் பாண்டோடு படியில் நின்றுவிட்டார்கள். படி அடைத்துக்கொண்டது ஏன் என்று கத்திக்கொண்டே மேஸ்திரி ஏறிவந்தார். செண்பகத்தைப் பார்த்து, பீடியைப் பார்த்து, குழியோரத்தில் இருந்த இன்னொரு பீடியைப் பார்த்தார்.

"இன்னா இது அநியாயம்? பொம்பளைக்கு இன்னா பீடி?"

"பிளாஸ்திரியிலயும் பீடிதான் மேஸ்திரி. அத்தை ஒட்டிகினு நிமிராம தூக்கினேனே, அப்ப கேட்டியா? இப்ப இத்தைப் புடிச்சிகினு குந்தறேன். அணைஞ்சா எழுந்துக்கறேன், போ."

 மேஸ்திரி படியில் நின்றிருந்த பெண்களைப் பார்த்தார். அணையட்டும் என்று இடுப்பில் கைவைத்து நின்றார்.

குழியோரத்துப் பீடியில் இழுக்க ஆளில்லை. புகை மெலிந்து, நெருப்பு சாம்பலுக்குள் போய், அது அணைந்தது. செண்பகம் கையை நீட்டி அதை எடுத்தாள். தன் பீடியின் நெருப்பில் வைத்து, கண்ணில் நீர் முட்ட இரண்டு இழுப்பு இழுத்துச் சிவக்கவைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். தன்னுடையதை ஓர் இழுப்பு, அவளுடையதை ஓர் இழுப்பு. அன்று படித்திருப்பத்தில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பீடி எரிந்துகொண்டிருந்தது, பூங்காவனம் இன்னும் எழுந்திருக்க வேண்டியதில்லை.